பெயருக்கு முன்னால் போடலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் தெருமுனையில் ஒரு விழாவுக்கு வைத்த ஃபிளெக்ஸில், மறைந்த தலைவர் ஒருவரின் பெயருக்கு முன்னால் 'பாரத ரத்னா' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். மரியாதையாகத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் அது பட்டம் அல்ல, விருது. அரசியல் சட்டம் 18-வது பிரிவு பட்டங்களுக்கு இடம் தரவில்லை. இந்த விருதைப் பெயருக்கு முன்னோ பின்னோ சேர்க்கக் கூடாது என்று 1995-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

1954-இல் விருதைத் தொடங்கியபோது வட்டமான தங்கப் பதக்கம்தான் திட்டம். மறு ஆண்டே அரச இலை வடிவ வெண்கலத்துக்கு மாறிவிட்டது. நடுவில் பிளாட்டினச் சூரியன். பணமுடிப்பு எதுவும் கிடையாது. முதலில் பெற்ற ராஜாஜி, ராதாகிருஷ்ணன், சர் சி.வி. ராமன் மூவருமே அன்றைய சென்னை மாகாணத்தில் பிறந்தவர்கள் என்பதில் நமக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

மனத்தாங்கலும் உண்டு. காமராஜர் மறைந்த மறு ஆண்டே, 1976-இல், அவருக்குக் கொடுத்தார்கள். எம்.ஜி.ஆருக்கும் அப்படியே, 1988-இல். 1956-இல் மறைந்த அம்பேத்கருக்கோ 1990 வரை ஆயிற்று! மொரார்ஜி ஆட்சி 1977-இல் விருதையே நிறுத்திவைத்ததும், 1980-இல் அது திரும்பி வந்ததும் தனிக்கதை.

விழாக் குழுவினரிடம் சொன்னேன். "அடுத்த வருஷம் பார்க்கலாம் சார்" என்றார்கள்.

- ஓய்வு பெற்ற ஆசிரியர், மன்னார்குடி