கயா மாநாடும் பாப்பாரப்பட்டியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காங்கிரஸ் மாநாடுகள் பற்றிய உங்கள் தொடரில் 1922 கயா மாநாட்டை மூன்றே வரியில் முடித்துவிட்டீர்கள். தர்மபுரிக்காரனான எனக்கு மனசு ஆறவில்லை.

சௌரி சௌரா வன்முறைக்குப் பிறகு ஒத்துழையாமை இயக்கத்தை நிறுத்திய காந்தி, அப்போது சிறையில் இருக்கிறார். கயாவில் தலைமை தாங்கிய சித்தரஞ்சன் தாஸ், சட்டசபைகளுக்குள் புகுந்து உள்ளே இருந்தே முட்டுக்கட்டை போடலாம் என்றார். கூடவே கூடாது, புறக்கணிப்பு புறக்கணிப்பாகவே இருக்கட்டும் என்று எதிரணியை நடத்தியவர் ராஜாஜி. ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்தவர். ஓட்டெடுப்பில் மாநாட்டுத் தலைவரே தோற்றுப்போனார்! தாஸ் பதவியை உதறிவிட்டு, மோதிலால் நேருவோடு சேர்ந்து சுயராஜ்யக் கட்சி தொடங்கினார்.

சரி, இதில் தர்மபுரி எங்கே வருகிறது? 1923-ல் பாப்பாரப்பட்டிக்கு வந்து, சுப்பிரமணிய சிவா கட்ட நினைத்த பாரத மாதா கோயிலுக்கு அடிக்கல் நாட்டியவர் இதே தாஸ்தான். சிறைவாசத்தில் சிவாவுக்குத் தொழுநோய் வந்தது. அதைக் காரணம் காட்டி ரயிலில் ஏறவே தடை போட்டார்கள். மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகப் போய்ப் பேசிய மனுஷன், கல்கத்தாவின் பெரிய பாரிஸ்டரை இந்தச் சிற்றூருக்கு வரவழைத்தார் என்றால் சும்மாவா? 1925 ஜூனில் தாஸ் காலமானார். அடுத்த மாதமே பாப்பாரப்பட்டியில் சிவாவும் போய்ச் சேர்ந்தார். கோயிலை அவர் கண்ணால் பார்க்கவில்லை.

1920 நாக்பூர் மாநாடு பற்றிய பகுதியிலும் ஒரு விடுபடல். தலைமை தாங்கியவர் சேலம் விஜயராகவாச்சாரியார். அன்றைக்கு தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாமே சேலம் ஜில்லாதான். (தர்மபுரி தனி மாவட்டம் ஆனது 1965-ல்.) ஒத்துழையாமைத் தீர்மானத்தை அங்கே முன்மொழிந்தவரும் தாஸ்தான் என்பதைச் சொல்லியிருந்தால், இரண்டே வருஷத்தில் அவர் ஏன் வேறு வழி தேடினார் என்று வாசகர் யோசித்திருப்பார்.

ஆண்டு, ஊர், தலைவர் என்று ஒப்பிப்பது போட்டித் தேர்வுக்குப் போதும். ஆனால் தலைவரே தோற்ற மாநாடு என்று சொல்லிப் பாருங்கள், கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும். வகுப்பில் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது லாகூர் என்று போட்டிருக்கிறீர்கள். அதற்கு முன் 1923 செப்டம்பர் டெல்லி சிறப்பு மாநாட்டுக்கு அரைப் பக்கமாவது கொடுங்கள். அபுல் கலாம் ஆசாத் தலைமையில், விருப்பமுள்ளவர்கள் தேர்தலில் நிற்கலாம் என்று அங்கேதான் இறங்கி வந்தார்கள். கயாவில் தோற்ற தாஸ் ஒரு வருஷத்துக்குள் ஜெயித்த கதை அது.

— ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், பென்னாகரம்