கடலோரப் பள்ளிகளின் தமிழாசிரியர்களுக்கு ஒரு டீக்கடைக்காரரின் மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

ராமேஸ்வரத்தில் டீக்கடை வைத்திருக்கிறேன். அக்னி தீர்த்தத்தில் முழுக்குப் போட்டுவிட்டு ஈரத்துணியோடு வருகிறவர்களில் கைக்குழந்தைக்காரர்கள் முதலில் கேட்பது பால். மலையாளத்தார் 'பால்' என்பார்கள், தெலுங்கர் 'பாலு', கன்னடக்காரர் 'ஹாலு'. பத்து அவர்களுக்கு 'ஹத்து', பல் 'ஹல்லு', பன்றி 'ஹந்தி'.

"தமிழ் தாய், மற்றதெல்லாம் பிள்ளைகள்னு வகுப்புல சொன்னாங்கப்பா" என்றாள் மகள். ஹாலுவை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். பழங்கன்னடத்திலும் அது பால்தான், பிறகுதான் ஹ வந்தது.

ஆனால் செவியை எடுத்துக்கொள்ளுங்கள். கன்னடத்தில் 'கிவி'. நம் 'செய்' பழங்கன்னடத்தில் 'கெய்'. செம்மை அங்கே 'கெம்பு'. இ, எ-க்கு முன்னால் வரும் க, நாக்கில் வழுக்கிச் ச ஆவது பல மொழிகளில் நடந்திருக்கிறது. ச திரும்பிக் க ஆவது அபூர்வம். அப்படியென்றால் இந்த இடத்தில் மாறியது நாம்; பழசைக் காப்பாற்றி வைத்திருப்பது கன்னடம். எல்லாரும் மூலத் திராவிடம் என்ற ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். தமிழ் அக்கா. பழைய இலக்கியம் கையில் இருப்பதால் கொஞ்சம் அதிகாரமும் உண்டு, அதை நான் விட்டுத்தர மாட்டேன்!

பக்கத்து வீடு என்பதாலேயே உறவாகிவிடாது. பரமக்குடி சௌராஷ்டிரர் பேச்சில் தமிழ்ச் சொல் எவ்வளவோ கலந்திருக்கிறது. ஆனாலும் அது குஜராத்தி, மராத்தி வகையறா. எழுத்தும் சாட்சியில்லை. கீழக்கரைப் பெரியவர்கள் படித்த அர்வி அரபு எழுத்தில் இருந்தாலும் தமிழேதான்.

கால்டுவெல் 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளியிட்டதை நீங்கள் நடத்துகிறீர்கள். அதற்கு 40 வருடம் முன்பே, 1816-இல், கேம்பலின் தெலுங்கு இலக்கண நூலுக்கு எழுதிய முன்னுரையில், தமிழ், தெலுங்கு, கன்னட வேர்ச்சொற்களை வரிசையாக வைத்து, இவை சமஸ்கிருதத்தில் பிறந்தவை அல்ல என்று காட்டியவர், சென்னையில் கலெக்டராக இருந்த எல்லீசன் என்கிற எல்லிஸ் துரை. 1819-இல் அவர் உயிர் பிரிந்தது நம் ராமநாதபுரத்தில். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

ஒரு சனிக்கிழமை நோட்டும் பேனாவுமாகப் பிள்ளைகளை என் கடைப் பக்கம் அனுப்புங்கள். கடைக்கு வருகிறவர்களிடம் கோழிக்கும் ஏழுக்கும் அவர்கள் மொழியில் என்ன சொல் என்று கேட்கட்டும். தெலுங்கர் 'கோடி', 'ஏடு' என்பார்கள். கன்னடக்காரர் 'கோளி', 'ஏளு' என்பார்கள். நம் ழ எந்தெந்த வீட்டில் என்னவாகியிருக்கிறது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். டீச்செலவு என்னுடையது.

இப்படிக்கு,
அக்னி தீர்த்தக் கரையிலிருந்து ஒரு தகப்பன்