‘ஷைன்’ என்றால் சான்று: ஜெர்மன் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஜெர்மன் மொழியைத் தமிழ் மாணவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும், அவர்களுக்கான சொற்பட்டியல்களைத் தொகுப்போருக்கும் வணக்கம்.

ஜெர்மன் பயிலும் என் தங்கை மகளின் குறிப்பேட்டை அண்மையில் புரட்டினேன். பணத்தாளைக் குறிக்கும் ‘கெல்ட்ஷைன்’ என்ற சொல்லுக்கு எதிரே, ‘பணம் + பொய்த்தோற்றம், தாளுக்குத் தனி மதிப்பில்லை என்பதால் வந்த பெயர்’ என்று பென்சிலால் எழுதியிருந்தாள். வகுப்பில் சொன்னதைத்தான் எழுதினாளாம். கேட்கச் சுவையாக இருந்தாலும் இவ்விளக்கம் தவறு.

‘ஷைன்’ என்பதன் முதற்பொருள் ஒளி. வெயிலுக்கு ‘சொன்னன்ஷைன்’ என்ற பெயர் அதனால்தான். வெறும் தோற்றம் என்ற பொருள் அதிலிருந்து கிளைத்தது உண்மையே. ஆனால் இடைக்காலத்தின் பிற்பகுதியிலேயே இன்னொரு கிளையும் தோன்றிவிட்டது: ஒளியில் கண்ணுக்குத் தெளிவாகப் புலப்படுவது என்பதிலிருந்து, ஒன்றை மெய்ப்பிக்கும் எழுத்து, அதாவது சான்றிதழ், என்ற பொருளுக்கு அச்சொல் வந்து சேர்ந்தது. ஓட்டுநர் உரிமம் ‘ஃப்யூரர்ஷைன்’, இறப்புச் சான்றிதழ் ‘டோட்டன்ஷைன்’. அவற்றில் பொய்யை யாரும் தேடுவதில்லை. பணத்தாளின் பெயரும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. நம் மாணவர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. ஒளிர்தலைக் குறிக்கும் ‘விளங்குதல்’ தமிழில் தெளிவாதலையும் குறிக்கிறது, ‘விளக்கு’ ஏற்றும் நாம்தான் ‘விளக்கம்’ கேட்கிறோம்.

‘கெல்ட்’ என்பதும் தங்கத்தைக் குறிக்கும் ‘கோல்ட்’ என்பதன் உறவன்று. திருப்பிச் செலுத்துதல், ஈடு செய்தல் என்ற பொருளிலிருந்து வந்தது அது.

வரலாறும் சான்று என்ற பொருளுக்கே துணை நிற்கிறது. வியன்னா நகர வங்கி 1762இல் வெளியிட்ட தாள்களுக்குப் பெயர் ‘பாங்கோட்ஸெட்டல்’, அதாவது வங்கிச் சீட்டு. போர்ச் செலவுகளுக்காக அளவின்றி அச்சிடப்பட்டு அவை மதிப்பிழந்தபின், 1811இல் ஐந்து குல்டன் (அக்கால ஆஸ்திரியப் பண அலகு) பழைய சீட்டுக்கு ஒரு குல்டன் என்ற கணக்கில் ஆஸ்திரிய அரசு புதிய தாள்களைக் கொடுத்தது; அவற்றுக்கு ‘ஐன்லோசுங்ஸ்ஷைன்’, மீட்புச் சான்று, என்று பெயரிட்டது. நம்பிக்கை இழந்த மக்களிடம் நீட்டும் தாளுக்குப் பொய்த்தோற்றம் என்று எந்த அரசாவது பெயர் வைக்குமா? அக்கால ஜெர்மன் அரசுகளுள் ஒன்றான பிரஷ்யா 1806இல் வெளியிட்ட பணத்தாள்களும் கருவூலச் சான்றுகள் என்ற பொருள்படும் ‘ட்ரெஸோர்ஷைன்’களே.

ஆகவே, உங்கள் சொற்பட்டியலில் ‘கெல்ட்ஷைன்’ என்பதற்குப் ‘பணத்தாள்; சொல்லுக்குச் சொல், பணச்சான்று’ என்று எழுதுமாறும், அதன் அருகிலேயே ‘ஃப்யூரர்ஷைன்’ என்பதையும் சேர்க்குமாறும் அன்புடன் வேண்டுகிறேன்.