ஃபோர்டு கைவிரித்தது சரிதான்

ஆசிரியருக்கு வணக்கம். அமெரிக்காவின் லிங்கன் நெடுஞ்சாலை குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, அச்சாலையை முன்மொழிந்த கார்ல் ஃபிஷரின் கனவைப் புகழ்ந்த அளவுக்குப் பணக் கணக்கைத் தொடவில்லை. 1913-இல் அறிவிக்கப்பட்ட பாதை, நியூயார்க் முதல் சான்ஃபிரான்சிஸ்கோ வரை 3,389 மைல். நன்கொடையிலேயே போட்டுவிடலாம் என்று நம்பினார்கள். ஹென்றி ஃபோர்டு மட்டும் கைவிரித்தார். தனியார் கொடுத்துப் பழக்கினால் அரசு பணம் ஒதுக்காது என்பது அவர் வாதம். கஞ்சத்தனம் என்று ஏசலாம், ஆனால் அவர் கணிப்பே பலித்தது. நெடுஞ்சாலைச் சங்கம் இல்லினாயில் மால்ட்டா அருகே 1914-இல் ஒரு மைலுக்குக் கான்கிரீட் போட்டுக் காட்டி, மீதியை அரசிடம் கேளுங்கள் என்று மக்களைத் தூண்டவே முடிந்தது.

மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒஹாயோவில் 1928-இன் வழிகாட்டிக் கல் ஒன்றைப் பார்த்தேன். மூவண்ணத்தில் ‘எல்’ எழுத்து, நீல அம்புக்குறி, வெண்கலத்தில் லிங்கன் முகம். சாரணச் சிறுவர்கள் நட்டவற்றுள் ஒன்று. சற்றுத் தள்ளி அரசின் 30-ஆம் எண் நெடுஞ்சாலைப் பலகை. இன்று வண்டிகள் அதைப் பார்த்தே போகின்றன. அரசு இச்சாலைகளை ஏற்ற கதையை, பின்னாளில் அமெரிக்க அதிபரான ஐசனோவர் உடன் சென்ற 1919 ராணுவ வண்டித்தொடர் பயணத்திலிருந்து தொடங்கி, தனிக் கட்டுரையாக வெளியிட வேண்டுகிறேன்.