டி.ஐ.யில் சரியாகாத தவறுகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் டிஜிட்டல் ஒளிப்பதிவு குறித்து வெளியான கட்டுரையைப் படித்தேன். பிலிம் காலத்திலிருந்து இத்தொழிலில் இருப்பவன் என்ற முறையில், எக்ஸ்போஷரில், அதாவது கேமராவுக்குள் விடும் ஒளியின் அளவில், பிசகினாலும், படப்பிடிப்புக்குப் பின் கணினியில் நிறத்தைச் சீராக்கும் டி.ஐ.யில் சரிசெய்துகொள்ளலாம் என்று அதில் சொல்லப்பட்டிருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. நிறத்தை அங்கே ஓரளவு மாற்றலாம் என்பது உண்மையே. ஆனால் கேமராவில் ஒளியைப் பதியும் சென்சாரில் பதியாமலே போனதை, அங்கே நிறம் திருத்தும் எந்தக் கலரிஸ்டாலும் மீட்டுத் தர முடியாது.

நம் ஊர் வெயிலையே எடுத்துக்கொள்வோம். ஐ.எஸ்.ஓ. எனும் ஒளி உணர்திறன் 100, ஷட்டர் திறந்திருப்பது 1/100 நொடி என்றால் நல்ல வெயிலுக்கு லென்ஸ் திறப்பு எஃப் 16 (எண் குறையக் குறையத் திறப்பு பெரிதாகும்) என்பது பழைய கணக்கு. சினிமாவுக்குப் பயன்படும் அலெக்ஸா கேமராவின் அடிப்படை ஐ.எஸ்.ஓ. 800, நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடுகையில் ஷட்டர் ஏறத்தாழ 1/50. இதிலேயே நான்கு ஸ்டாப் கூடிவிடுகிறது; ஒரு ஸ்டாப் கூடினால் ஒளி இரு மடங்கு என்று பொருள். பின்னணி மங்கலாக வேண்டுமென்று லென்ஸை 2.8-க்குத் திறந்தால் இன்னும் ஐந்து. ஆக ஒன்பது ஸ்டாப், அதாவது 512-இல் ஒரு பங்கு ஒளியை மட்டும் உள்ளே விடும் என்.டி. ஃபில்டர் வேண்டும். ஐ.எஸ்.ஓ.வைக் குறைத்தால் போதாதா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. 800-ஐ 400 ஆக்குவதால் சென்சாரின் இயல்பு மாறுவதில்லை. மானிட்டரில் படம் இருண்டு தெரியும், அதைப் பார்த்து நாம் அப்பர்ச்சரை, அதாவது லென்ஸ் திறப்பை, இன்னும் திறப்போம், வெளிச்சப் பகுதிக்கு இருந்த இடத்தில் ஒரு ஸ்டாப் பறிபோகும். வெள்ளை வேட்டியின் மடிப்புகள்தான் முதலில் மறையும்.

ஃபில்டரிலும் ஒரு வினை உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் செங்கல்பட்டு அருகே, நீதிமன்ற வாசலில் நடப்பதாக ஒரு காட்சியை நண்பகலில் எடுத்தோம். வாடகைக்கு வந்த ஏழு ஸ்டாப் குறைக்கும் சாதாரண 2.1 என்.டி.யைத்தான் போட்டிருந்தோம். இரண்டு வக்கீல்கள் நின்றார்கள். ஒருவருடைய பருத்தி அங்கி கறுப்பாகவே இருக்க, மற்றவருடைய பாலியெஸ்டர் அங்கி மானிட்டரில் அரக்கு நிறமாகத் தெரிந்தது. மானிட்டர் கோளாறு என்று நினைத்து மேலே போய்விட்டோம்; தவறு என்னுடையதுதான். அவ்வகை என்.டி. கண்ணுக்குத் தெரியும் ஒளியைக் குறைக்குமே தவிர அகச்சிவப்புக் கதிரை அதே அளவில் தடுக்காது; செயற்கை இழைத் துணிகளில் பல அதை நன்றாகவே திருப்பி அனுப்புபவை. டி.ஐ.யில் சிவப்பைக் குறைத்தால் முகங்கள் பச்சையடித்தன. கடைசியில் அந்த அங்கியை மட்டும் ஷாட் ஷாட்டாகப் பிரித்தெடுத்து நிறம் மாற்ற வேண்டியதாயிற்று.

ட்யூப்லைட் உள்ள அறைகளிலும் இதே கவனம் வேண்டும். நம் மின்சாரம் 50 சுழற்சி என்பதால், பழைய சோக் வைத்த விளக்கு நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். 24 ஃப்ரேமில் வழக்கமான 180 பாகை ஷட்டர் (ஒவ்வொரு ஃப்ரேமிலும் பாதி நேரம் திறந்திருப்பது) 1/48 நொடியாகி அதோடு பொருந்தாமல் படம் துடிக்கக்கூடும், 172.8 பாகை வைத்தால் சரியாக 1/50 கிடைக்கும். பதிவாகிவிட்ட துடிப்பை நீக்க மென்பொருள்கள் வந்துவிட்டன என்றாலும் எல்லா ஷாட்டிலும் அவை கைகொடுப்பதில்லை.

கட்டுரையோடு அச்சான வாடகைச் சாமான் பட்டியலில் என்.டி. ஃபில்டர் என்று மட்டுமே இருந்தது. அகச்சிவப்பையும் சேர்த்துத் தடுக்கும் ஐ.ஆர்.என்.டி. என்று கேட்டு வாங்கும்படி அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஒளிப்பதிவாளர்,
சாலிகிராமம், சென்னை.