வழி மாறாத வால்வெள்ளி

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் சின்னவள், "அம்மப்பா, ஹேலி வால்வெள்ளி அவ்வளவு தூரம் போனால் வழி மாறிவிடாதா?" என்று கேட்டாள். பதில் சொல்வதற்குள் லைன் அறுந்துவிட்டது. இதை அவளுக்கு வாசித்துக் காட்டு.

வழி மாறாது. அதன் ஒழுக்கு, அதாவது சூரியனைச் சுற்றும் பாதை, நீண்டு மெலிந்த நீள்வட்டம். ஒரு முனை புதனுக்கும் வெள்ளிக்கும் இடையே, மறு முனை நெப்டியூனுக்கும் அப்பால். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 76 வருடம். சூரியனை நெருங்க நெருங்க வேகம் கூடி, நொடிக்கு 54 கிலோமீற்றர் வரை போகும். கொழும்பு வெள்ளவத்தையில் நின்று 'ஒன்று' என்று சொல்லி முடிப்பதற்குள் பேருவளை! தூர முனையில் நொடிக்கு ஒரு கிலோமீற்றர்கூட இல்லை. பூமியின் ஒழுக்குக்கு உள்ளே அது நிற்பது இரண்டரை மாதம்தான். மிச்சக் காலமெல்லாம் வெளியே, குளிரில்.

வாலைப் பற்றியும் சொல்லு. அது பின்னால் விடும் புகை அல்ல. வெயிலில் பனிக்கட்டி ஆவியாகி வாயுவும் தூசும் கிளம்ப, சூரிய ஒளியும், சூரியனிலிருந்து பாயும் துகள்களான சூரியக் காற்றும் அவற்றைத் தள்ளுகின்றன. அதனால் வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கம்தான். திரும்பிப் போகும்போது வால் முன்னே, தலை பின்னே. கோயிலில் சுவாமிக்கு முதுகு காட்டாமல் பின்னடி வைத்து வருவோமே, அப்படி.

1986 ஏப்ரலில், புதுவருடத்துக்கு நாலைந்து நாள் முன், உன் அப்பப்பா என்னை நடுச்சாமத்தில் எழுப்பி மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனார். எனக்குப் பதினைந்து வயது. அமாவாசையை ஒட்டிய இருட்டு. தெற்கே, தெஹிவளைப் பக்கம் என் நாடியைப் பிடித்துத் திருப்பினார், விரலில் சுருட்டு வாசம். சிலேட்டில் எச்சில் தொட்டு அழித்த இடம்போல் மங்கலாக ஒன்று தெரிந்தது. எனக்கு ஏமாற்றம்தான். அவரோ பேச்சே இல்லாமல் நின்றார். 1910இல் வானத்துக்குக் குறுக்கே நீண்ட வாலை அவருடைய அம்மா பார்த்தவவாம். அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்த மனிதர். அவர் ஏன் அப்படி நின்றார் என்று இப்போதுதான் விளங்குகிறது.

2023 டிசெம்பர் 9இல் அது தூர முனையைத் தொட்டுத் திரும்பியது. அன்று மாலை கடற்கரையில் நடக்கும்போது, ஒன்றும் தெரியாது என்று தெரிந்தும் அண்ணாந்து பார்த்தேன். இனி வருகிற பயணம்.

2061 ஜூலை 28இல் சூரியனுக்கு மிகக் கிட்ட வரும். எனக்கு அப்போது தொண்ணூறு. சின்னவளுக்கு நீதான் காட்ட வேண்டும்.

அதுவரை சும்மா இருக்கத் தேவையில்லை. அது உதிர்த்துவிட்டுப் போன தூசிக்குள் பூமி ஒவ்வொரு மே மாதமும் ஒக்டோபரிலும் புகுந்து வருகிறது. அந்தத் தூசுதான் எரிநட்சத்திரங்களாக விழும். மே மாதத்தது மெல்பேர்னில் நன்றாகத் தெரியும். 5, 6ஆம் திகதிகளில் விடிய நாலு மணிக்கு அவளை எழுப்பி, கிழக்கே பார்த்துப் படுக்க வை. குளிரும், தடித்த போர்வை எடு.

அன்புடன்,
அப்பா