குளவி கொட்டி மயங்கினால்: நீலகிரித் தோட்ட நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தோட்ட நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். நான் கோத்தகிரிப் பக்கத்து லைன் வீட்டில் வளர்ந்தவள். இப்போது நோய் எதிர்ப்புச் செல்களை ஆராயும் ஒரு லேபில் வேலை பார்க்கிறேன். இரண்டு வருடங்களுக்கு முன் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அம்மாவைக் குளவி கொட்டியது. (சிலோனிலிருந்து வந்த குடும்பம், எங்களுக்கு அது குளவி. கதண்டு என்று சொன்னால்தான் உங்களில் பலருக்குப் புரியும்.) இரண்டே கொட்டுதான். பத்து நிமிடத்தில் செடிகளுக்கு நடுவே சரிந்துவிட்டார்.

டிஸ்பென்சரியில், "உடம்பில் தடிப்பே இல்லையே, பயத்தில் வந்த மயக்கம்" என்று அவில் என்ற சாதாரண ஒவ்வாமை ஊசி போட்டு பெஞ்சில் உட்காரவைத்தார்கள். இந்த மாதிரி நேரத்தில் உயிர் காக்கும் அட்ரினலின் ஊசி மருந்து இருப்பு இல்லை. ஜீப்பில் மலையிறங்கி, கீழே ஒரு மருத்துவமனையில் அதைப் போட்ட பிறகுதான் நாடி பிடிபட்டது. எந்தத் தோட்டம் என்று எழுதப் போவதில்லை. எங்கே வேண்டுமானாலும் நடந்திருக்கும்.

தடிப்பு இல்லை என்பதுதான் எனக்கு உறுத்தியது. விஷ ஒவ்வாமை உள்ளவரின் மாஸ்ட் செல்கள்மேல் (ஒவ்வாமையைக் கிளப்பும் நோய் எதிர்ப்புச் செல்கள் இவை) ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் ஒட்டியிருக்கும். விஷம் அதைப் பிடித்ததும் செல்லுக்குள் லின், சிக், பிடிகே என்று ஒரு நொதி அடுத்ததைத் தட்டி எழுப்ப, வழக்கமாகத் தடிப்பையும் வீக்கத்தையும் உண்டாக்கும் ஹிஸ்டமின் சில நிமிடங்களில் கொட்டுகிறது. இதே சிக்கும் பிடிகேயும், எதிர்ப்பொருளை உண்டாக்கும் வெள்ளணுவான பி செல்லிலும் உண்டு. பி செல்கள் கெட்டு வரும் நாள்பட்ட லிம்போசைட் ரத்தப் புற்றுநோயின் செல்கள் அந்த வழியாக வரும் சமிக்ஞையை நம்பித்தான் பிழைக்கின்றன. அதை அடைக்கும் இப்ருடினிப் என்ற மருந்து 2014-இல் இந்தப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அப்புறம் அதே வகை மருந்தான அகலாப்ருடினிப்பை வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள பெரியவர்கள் சிலருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். முன்பைவிடக் கூடுதல் கடலையைத் தாங்கினார்கள். ஒவ்வாமைக்கு ஒரு வார்டு, ரத்தப் புற்றுநோய்க்கு ஒரு வார்டு என்று பிரித்து வைத்திருப்பது நாம்தான்.

அம்மாவின் விஷயத்தில் ஒவ்வாமையும் ரத்தப் புற்றும் இதைவிட நெருக்கம். மாஸ்ட் செல்லை வளரச் சொல்லும் கிட் என்ற புரதத்தில் 816-ஆம் இடத்து அமினோ அமிலம் மாறினால், யாரும் சொல்லாமலே அந்தச் செல்கள் பெருகும். மாஸ்டோசைட்டோசிஸ் என்பார்கள். ரத்தப் புற்று வகைகளோடு சேர்த்து எண்ணப்படும் நோய். பயப்பட வேண்டாம், அரிதானது. வந்தவர்களிலும் பெரும்பாலோருக்குச் சாதுவாகவே இருக்கும். ஆனால் சிலருக்கு அதன் முதல் அடையாளமே ஒரு குளவிக் கொட்டுதான்: தடிப்பு, வீக்கம் எதுவும் இல்லாமல் ரத்த அழுத்தம் விழுந்து மயங்குவார்கள். அம்மாவுக்கு டிரிப்டேஸ் (மாஸ்ட் செல்கள் ரத்தத்தில் விடும் ஒரு நொதி) பரிசோதனையும் பிறகு எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையும் செய்தபோது அந்த 816 மாற்றம் அகப்பட்டது. இன்னொரு ரத்தப் புற்றுநோயில் அதிசயம் செய்த இமாட்டினிப் என்ற மருந்து இந்த மாற்றத்திடம் தோற்றுப்போகிறது. அம்மாவுக்கு இப்போதைக்கு மருந்து தேவைப்படவில்லை, கண்காணிப்பு போதும் என்கிறார் மருத்துவர்.

தோட்டத்தில் மருத்துவ வசதி இருக்க வேண்டும் என்று 1951-இலேயே தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. நான் கேட்பது அதில் ஒரு துளி. டிஸ்பென்சரியில் மட்டும் அல்ல, ஃபீல்டுக்குப் போகும் முதலுதவிப் பெட்டியிலும் அட்ரினலின் ஆம்பியூல் இருக்கட்டும். விலை அதிகமில்லை. பெரியவர்களுக்கு அரை மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில். அவில் அதற்கு மாற்று அல்ல. அட்ரினலின் போடப் பழகிய ஒருவர் ஒவ்வொரு ஃபீல்டிலும் வேண்டும். விழுந்தவரைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள்; தயவுசெய்து பெஞ்சில் உட்காரவைக்காதீர்கள்.

அப்புறம், மயங்கி எழுந்தவரை "சரியாகிவிட்டது" என்று மறுநாளே மலையில் கொழுந்து பறிக்க அனுப்பாதீர்கள். சம்பவம் நடந்து நான்கு மணி நேரத்துக்குள் டிரிப்டேஸுக்கு ரத்தம் எடுக்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் சில நாள் கழித்தாவது எடுக்கச் சொல்லி, சம்பளத்தோடு லீவு கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புங்கள். சாதாரண நாளில் எடுத்த அளவு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமைத் தாண்டினால் ரத்தநோய் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும்.

அம்மா மறுபடி வேலைக்குப் போகிறார். வேண்டாம் என்றால் கேட்பதில்லை. மடியில் சுருக்குப் பைக்குப் பக்கத்தில் இரண்டு ஆம்பியூல், இரண்டு சிரிஞ்ச். பக்கத்து நிரையில் பறிக்கும் அக்காவுக்குப் போடக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். உங்கள் தோட்டத்திலும் கற்றுத்தரச் சொன்னால் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை டிஸ்பென்சரி நர்ஸையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
கொழுந்து பறிப்பவரின் மகள்